முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு நாள் எப்படிப் போகும்?

ரொறொன்ரோவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வயது 78. அப்பா இல்லை. திருக்கோவிலில் தனிய இருக்கிறா. வீடு தங்கச்சிக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. தங்கச்சியும் இப்போது பிள்ளைகளோடு கனடாவில். இரவில் துணைக்கு வந்து படுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கலியாணம் முடிந்துவிட்டது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா? அங்கே நாள் எப்படிப் போகும்? கூட இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள்? ஊர் என்ன சொல்லும்?

தம்பி, நான் இரண்டு மாவட்டத்துப் பிரதேச செயலகங்களிலும் சமூக சேவைப் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். இல்லங்களுக்குப் போய் வருவது வேலையோடு தொடங்கியது, வேலை முடிந்த பிறகும் நிற்கவில்லை. கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஊர் சொல்லும். ஒரு மாதம் சொல்லும், பிறகு அடுத்த கதைக்குப் போய்விடும். அதற்குப் பயந்து அம்மாவை இரவில் தனிய விட்டு வைக்கத் தேவையில்லை. மற்றவைதான் யோசிக்க வேண்டிய கேள்விகள். அங்கே இருப்பவர்களைப் பற்றிச் சொல்லும்போது ஊரையும் உறவையும் மாற்றித்தான் சொல்கிறேன். அவர்களில் சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், வாசிக்கவும் செய்கிறார்கள்.

முதியோர் இல்லம் என்றதும் சினிமா தந்த ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது: மகன் அமெரிக்காவில், மருமகள் கொடுமைக்காரி, தகப்பன் கண்ணீரோடு கேற்றடியில். எங்கட பக்கத்துக் கதை வேறு. இங்கே வீடு பெண்ணுக்கு. மட்டக்களப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் என்று தமிழ் ஊர்களிலும் சரி, காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முஸ்லிம்களிடத்திலும் சரி, மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேணும், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். புதுவீடு கட்ட வசதியில்லாத தாய் தகப்பன் தாங்கள் இருந்த வீட்டையே மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. கடைசி மகளோடு கடைசிக் காலம்.

ஆகவே வீட்டை விட்டு இறங்குவது எங்கட அம்மாமாருக்குப் புதிதில்லை. மகள்மாரின் கலியாணம் ஒவ்வொன்றிலும் ஒருதரம் இறங்கித்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் வளவை விட்டு இறங்கவில்லை. கிணறு அதே கிணறு, வேலி அதே வேலி. பேரப்பிள்ளைகள் காலுக்குள் ஓடித் திரியும். குசினியில் ‘இதுக்குக் கொஞ்சம் புளி விடு புள்ள’ என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. உங்கட அம்மாவுக்கு இப்போது வீடு இருக்கிறது, வளவு வெறிச்சோடிவிட்டது. நான் பார்த்த அளவில் ஒரு நல்ல இல்லத்தையும் மோசமான இல்லத்தையும் பிரிப்பது கட்டடமோ கட்டிலோ இல்லை. அந்த வளவு வாழ்க்கையில் கொஞ்சமாவது அங்கே கிடைக்கிறதா என்பதுதான்.

இந்த வழக்கத்தை வைத்துப் பார்த்தால் இல்லங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் விளங்கும். பெண்பிள்ளை இல்லாதவர்கள் நிறையப் பேர். ‘மகனோடு போய் இருக்கலாமே’ என்று வெளியூரார் கேட்பார்கள். மகன் இருப்பது அவன் மனைவியின் வீடு. அங்கே போவதென்றால் சம்பந்தியம்மாவின் வளவுக்குப் போவது. மானமுள்ள கிழவி போகமாட்டாள். மகனும் கூப்பிடுவான், மருமகளும் மனமாரக் கூப்பிடுவாள், கிழவி ரெண்டு நாள் இருந்துவிட்டு உடுப்பு மாற்றப் போகிறேன் என்று சொல்லி வந்துவிடுவாள். ஒரே மகளைச் சவூதிக்கோ குவைத்துக்கோ வேலைக்கு அனுப்பிவிட்டு அவள் பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்து, அந்தப் பிள்ளைகளும் பெரிதான பிறகு வேலையில்லாமல் போனவர்களும் உண்டு. கைவிடப்பட்டவர்கள் இல்லையென்று சொல்லவில்லை, இருக்கிறார்கள். பிள்ளையிடம் பராமரிப்புக் காசு கேட்க 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது, அதற்கென்று பராமரிப்புச் சபையும் இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன் என்று நான் சொன்னால், ‘பெத்த புள்ளைக்கு மேல வழக்குப் போடவா மனே?’ என்று எழும்பிப் போனவர்கள்தான் அதிகம்.

ஆண்களின் பாடு இன்னும் மோசம். இதை யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஆண் பிறந்த வீடு சகோதரிக்குப் போய்விட்டது. வாழ்ந்த வீடு மனைவியினது, பிறகு மகளினது. மனைவி இருக்கும்வரை அவர் வீட்டுக்காரர். அவள் கண்ணை மூடினால், நல்ல மகள் இருந்தாலும், அவர் அந்த வீட்டில் ஒரு வகையில் விருந்தாளி. பெண்களுக்கு எந்த வீட்டிலும் வெங்காயம் உரிக்கவாவது ஒரு வேலை இருக்கும். ஆணுக்கு வயல் போனால் எல்லாம் போயிற்று. இல்லங்களில் ஆண்கள் பக்கம் போனால் முதலில் காதில் விழுவது அமைதி. ஆளுக்கொரு கதிரை, ஆளுக்கொரு திசை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்தில் வட்டைவிதானையாக இருந்த ஒருவர் அப்படித்தான் வந்து சேர்ந்தார். முந்நூறு, நானூறு ஏக்கருக்கு எந்த வாய்க்காலை எப்போது திறப்பது என்று தீர்மானித்த மனிசன். வந்து மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. ஒருநாள் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்தது. இவர் எழும்பிப் போய் மோட்டரை நிற்பாட்டினார். அடுத்த நாளும் போனார். பொறுப்பாளர் கெட்டிக்காரி, மோட்டர் அறைச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டா. அதன் பிறகு அந்த இல்லத்தில் ஆறு மணிக்கு முன் தண்ணி திறக்க ஏலாது, குளிக்கும்போது குழாயை வீணாக விட்டால் வெளியில் நின்று சத்தம் போடுவார். எல்லோருக்கும் எரிச்சல். ஆனால் மனிசன் பேசத் தொடங்கிவிட்டார், சாப்பாடும் கூடியது.

இன்னொரு கூட்டத்தைக் காலம் கொண்டுவந்து சேர்த்தது. 1940 இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 வெள்ளத்தில் பதினேழு வயது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் முப்பத்தெட்டு. 1990 இல் யுத்தம் மறுபடி மூண்டபோது ஐம்பது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது அறுபத்து நாலு. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அன்று பத்தாயிரத்துக்கு மேல் போனார்கள். இவர்களிடம் வயது கேட்டால் வருசம் சொல்லமாட்டார்கள், ‘சூறாவளிக்கு என்ட மூத்தவன் கைக்குழந்தை’ என்பார்கள், நாம்தான் கணக்குப் பார்க்க வேணும். கார்த்திகை மாதம் காற்றுக் கொஞ்சம் சத்தமாக வீசினால் சிலர் கட்டிலை விட்டிறங்கிச் சுவரோரம் போய் இருப்பார்கள். பழகின ஊழியர்கள் அன்று லைற்றை நூர்க்கமாட்டார்கள்.

நாள் விடிவது எங்கேயும் ஒரே மாதிரித்தான். நாலரைக்கே பாதிப் பேர் எழும்பிவிடுவார்கள். வயலுக்கும் கடலுக்கும் போன உடம்பு மணிக்கூடு பார்க்காது. சமையல் பிள்ளை வந்து தேத்தண்ணி ஊற்றும்வரை கட்டிலில் இருந்தபடி கதை. லைற்றைப் போட்டால் தூங்குபவர்கள் ஏசுவார்கள், அதனால் இருட்டுக்குள் கதை. இல்லத்தின் உண்மையான சங்கதிகள் அந்த நேரத்தில்தான் வெளிவரும்: யாருடைய மகள் நேற்று வந்தும் அரை மணித்தியாலம் இருக்கவில்லை, யாருடைய சவர்க்காரம் காணாமல் போனது, எந்த ஐயா எந்த ஆச்சிக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். பிறகு முகம் கழுவி, விபூதி பூசி, சாமி அறை. அருட்சகோதரிகள் நடத்தும் இடமென்றால் பூசைக்கு மணி அடிக்கும். சைவ ஆச்சிமாரும் போய்ப் பின்வாங்கில் இருந்து பாட்டுக் கேட்பார்கள்.

புதிதாக வருபவரிடம் முதல் கேள்வி ‘எந்த ஊர்?’ இரண்டாவது ‘என்ன குடி?’ அம்மா பயப்படத் தேவையில்லை, எங்கட பக்கத்தில் இது உறவு தேடும் கேள்வி. குடி என்பது தாய்வழியில் வரும் குலப் பிரிவு. ஒரே குடியென்றால் சகோதரம், வேறு குடியென்றால் மச்சாள் முறை. இரவு படுக்கப் போவதற்குள் புதியவருக்கு ஓர் அக்காவோ மச்சாளோ கிடைத்துவிடுவா. சாதி பார்க்கும் குணம் வாசலோடு நின்றுவிடுகிறது என்று நான் பொய் சொல்லமாட்டேன். தன் கோப்பையைத் தனியாகக் கழுவித் தனியாக வைத்த ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரி, ஊரில் இவ வளவுக்குள் வந்தால் முற்றத்தோடு நின்றிருக்க வேண்டியவ. ஒரு வருசத்துக்குப் பிறகு போனபோது ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரே வெற்றிலை வட்டா. பல் இல்லாத இந்த அம்மாவுக்கு மற்றவ பாக்கு இடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தா. மனசு மாறியதோ, இடித்துத் தர வேறு ஆள் இல்லையோ, நான் கேட்கவில்லை.

ஓயாத வழக்கு சாப்பாடு. விராலும் இறாலும் நண்டும் திண்டு வளர்ந்த நாக்கு, கட்டித் தேங்காய்ப்பால் ஆணத்தில், அதாவது குழம்பில், பிசைந்த சோறு. இல்லத்தில் எல்லோருக்கும் பொதுவாக உப்பும் உறைப்பும் தேங்காய்ப்பாலும் குறைத்துத்தான் சமைப்பார்கள். பாதிப் பேருக்குச் சீனி வருத்தம், மீதிப் பேருக்குப் பிரசர். பருப்பு, பூசணிக்காய், முருங்கையிலை வறை என்று சுற்றிச் சுற்றி வரும். முறைப்பாடு இல்லாத இல்லத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும், ஆட்கள் பயந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு இடத்தில் அதிகம் முறைப்பாடு சொன்ன ஆச்சியையே குசினிக்குக் கூப்பிட்டு ஆணத்துக்கு உப்புப் பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். அதன் பிறகு யாராவது சாப்பாடு சரியில்லை என்றால் சண்டைக்குப் போவது அந்த ஆச்சிதான்.

கிளினிக் நாள் ஒரு கொண்டாட்டம். நல்ல சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் கிளினிக் கொப்பி. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ வரிசையில் இருந்தால் ஊர்ச் சனம் நாலு பேரைக் காணலாம், யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்த மரத்தை வெட்டினார்கள், கோயில் கொடியேற்றம் எப்போது என்று முழுச் செய்தியும் வரும். சில இல்லங்கள் வசதிக்காகக் கொப்பியை மட்டும் அனுப்பி மருந்தை எடுப்பித்துக்கொள்கின்றன. எனக்கு அது பிடிக்காது. நடக்க முடிந்தவரை அம்மாவை ஆளாகவே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பின்னேரம் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில்தான் கஷ்டம். வீட்டிலென்றால் அது முற்றம் கூட்டும் நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம், கோழியை அடைக்கும் நேரம். இல்லத்தில் ஒன்றுமில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும். மண் முற்றமும் நாலு மரமும் கோழிக் கூடும் உள்ள இல்லங்களில் இந்த நேரம் எப்படியோ நகர்ந்துவிடும்; யாரோ இலை பொறுக்குவார்கள், யாரோ கீரை ஆய்வார்கள். கொடையாளிகளுக்கோ மாபிளில்தான் ஆசை. நிலம் பளபளக்க வேணும், முற்றத்துக்குக் கல் பதிக்க வேணும், சுவரில் பெயர்ப்பலகை வேணும். ஈரக்காலோடு ஒரு கிழவி வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு, அதோடு படுக்கை. எண்பது வயதில் அந்தப் படுக்கையிலிருந்து எழும்பியவர்கள் குறைவு.

கொடை பற்றிப் பேச வந்தாயிற்று, முழுதாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் கனடாவில் இருந்து இதைச் செய்வீர்கள். இங்கே பல இல்லங்களில் அடுப்பு எரிவதில் பாதி வெளிநாட்டுக் காசு. பிள்ளையின் பிறந்தநாள், தகப்பனின் திதி, கலியாண நாள் எல்லாவற்றுக்கும் ஒருநேரச் சாப்பாடு. நல்ல காரியம்தான். ஆனால் எல்லோருக்கும் சனி ஞாயிறுதான் வேணும். ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டுச் சாப்பாடு வந்து குவியும், செவ்வாய்க்கிழமை பருப்பும் சோறும். பனர் கட்டி, வரிசையாக இருத்தி, சூரிச்சில் கேக் வெட்டும் பிள்ளைக்கு இங்கே வட்ஸ்அப்பில் கை தட்ட வேணும். ஒரு ஆச்சி என் காதுக்குள் கேட்டா: ‘இண்டைக்கு ஆருக்குப் பிறந்தநாள் மனே? ஆரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். எனக்கு அந்தப் பாயாசம் மட்டும் வேணாம், சீனி ஏறும்.’ ஒக்டோபர் முதலாந் திகதி, சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாக வரும் நாள், பேச்சும் பொன்னாடையும் பரிசுப் பொதியுமாக ஆட்கள் களைத்துப்போவார்கள்.

காசு அனுப்புவதென்றால் பொறுப்பாளரிடம் கேட்டு அனுப்புங்கள். பெரியாக்களுக்குரிய பம்பர்ஸ், ரப்பர் அடி போட்ட செருப்பு, கொசுவலை, ரோச் பற்றரி, கண்ணாடி, கிளினிக்குக்கு முச்சக்கர வண்டிக் கூலி, இவைதான் எப்போதும் குறைவாக இருப்பவை. இவற்றோடு யாரும் படம் எடுப்பதில்லை, அதனால் யாரும் கொடுப்பதுமில்லை.

கூட இருப்பவர்கள் பற்றிக் கேட்டீர்கள். ஒரு இல்லத்தில் மட்டக்களப்புப் பறங்கியர் ஒருவர் இருந்தார், தச்சர். போர்த்துக்கேயர் வழியாக வந்த தங்கள் பேச்சை இன்னும் பேசும் குடும்பங்கள் இந்த ஊரில் இருக்கின்றன, அதில் ஒருவர். இல்லத்தில் அந்தப் பேச்சுப் பேச ஆள் இல்லை. கட்டில் கால் ஆடினால், கதவு இறுகினால் அவர்தான். ஆணி அடிக்கும்போது மட்டும் அந்தப் பாசையில் பாட்டு வரும், மற்ற நேரம் எங்களைவிட நல்ல மட்டக்களப்புத் தமிழ். நத்தாருக்குச் சொந்தக்காரர் வந்து கூட்டிப் போவார்கள், மூன்றாம் நாள் தானாகவே திரும்பிவிடுவார். அவருடைய சுத்தியலை யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

கதிர்காமத்துக்கு உகந்தையிலிருந்து காட்டுப்பாதையால் நடந்த கதை எல்லா இல்லத்திலும் உண்டு. குமுக்கன் ஆற்றைக் கடந்தது, யானையைக் கண்டு ‘அரோகரா’ சொன்னது, கட்டுச்சோறு முடிந்த அன்று யாரோ ஒரு சாமியார் அரிசி தந்தது. ஒவ்வொருவர் சொல்லும்போதும் யானை கொஞ்சம் பெரிதாகும். இளமையில் வடமோடிக் கூத்தில் வேடம் கட்டியவர்கள் இருப்பார்கள், தட்டிக் கேட்டால் முழு வரவுப்பாட்டும் வரும். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கில் பாடியவர்கள், நெல்லுச் சூடு மிதிக்கும்போது பொலிப்பாட்டுப் பாடியவர்கள் இருப்பார்கள். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் பிள்ளைகள் இவர்களிடம் வந்து இருந்து கேட்க வேணும் என்பது என் ஆசை. பொன்னாடையைவிட ‘இன்னொருக்காப் பாடுங்க ஐயா’ என்ற சொல் அவர்களுக்குப் பெரிது.

கேட்கக் கூடாத கதைகளும் உண்டு. ஒரு அம்மாவின் றங்குப்பெட்டிக்குள் பிளாஸ்ரிக் உறை சுற்றிய ஒரு பைல். 1990 இல் பிடித்துக்கொண்டு போன மகனுக்காகக் கொடுத்த மனுக்கள், செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆணைக்குழுக்களின் துண்டுகள், காணாமல் போனோர் அலுவலகத்துக்கு நிரப்பிக் கொடுத்த படிவத்தின் பிரதி. அந்த அம்மா இல்லத்துக்கு வர நெடுங்காலம் மறுத்தா. காரணம் வறுமையோ மானமோ இல்லை, மகன் வந்தால் பழைய வீட்டுக்குத்தானே வருவான் என்பதுதான். கடைசியில் வீட்டுக் கதவில் இல்லத்தின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி ஒட்டின பிறகே வந்தா. அறை துப்புரவு செய்யும் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர் சொல்லி வைத்திருந்தார், அந்தப் பெட்டியை மட்டும் நகர்த்த வேண்டாமென்று. ஒரு இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்படியான பொறுப்பாளரைத்தான் தேடுவேன்.

சரி, எப்படித் தேடுவது? உங்கட பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். எந்த இல்லம் மேலே சொன்ன சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டது என்று அவரிடம் கேளுங்கள். பதிவு இல்லாத இடத்துக்கு, எவ்வளவு அழகாக இருந்தாலும், போக வேண்டாம். வெளிநாட்டில் நீங்கள் காணும் வகையான, தனித்தனி வீடும் தாதிமாரும் உள்ள ஓய்வுக்கால இல்லத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலானவை சபைகளும் கோயில் சார்ந்த சங்கங்களும் நடத்தும் பொது விடுதிகள், சிலவற்றில் காசு கட்டி இருக்கும் அறைகள் உண்டு.

கேட்டே ஆக வேண்டிய ஒன்று: அம்மா படுக்கையில் விழுந்தால் என்ன செய்வீர்கள்? மறதி வருத்தம் வந்து இரவில் எழும்பி நடந்தால்? பல இடங்களில் தன் வேலையைத் தானே செய்யக்கூடியவர்களைத்தான் சேர்ப்பார்கள். ஏலாமல் போனால் பொறுப்பெடுத்தவர் வந்து கூட்டிப்போக வேணும் என்று படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் கனடாவில் இருந்துகொண்டு அந்தக் கையெழுத்தை யோசிக்காமல் போடாதீர்கள். ஊரில் பொறுப்பெடுக்க ஒரு சித்தியோ மச்சானோ வேணும். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். ‘ஒருவர்’ என்றால் பரவாயில்லை, ‘கூப்பிட்டால் வருவார்கள்’ என்றால் வேண்டாம்.

இல்லத்தைப் போய்ப் பார்க்கும் ஆள் மாரியில் போக வேணும். மார்கழி, தை மாதத்தில் எந்த வாசல் தண்ணீருக்குள் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்; 2011 ஜனவரி வெள்ளத்தில் ரெண்டு மாவட்டமும் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சொல்லாமல் பின்னேரம் நாலு மணிக்குப் போகச் சொல்லுங்கள். மலசலகூடம் கட்டிலில் இருந்து எத்தனை அடி, கைப்பிடி இருக்கிறதா, நிலம் ஈரமா என்று பார்க்கட்டும். வரவேற்பறையைப் பார்த்துப் பயனில்லை.

இடம் என்றால், திருக்கோவிலுக்குக் கிட்டியதைத் தேடுங்கள். மட்டக்களப்பு நகரத்தில் இன்னும் வசதியான இடம் கிடைக்கலாம், ஆனால் சனம் ஒரு பஸ்ஸில் வந்து போகக்கூடிய தூரம்தான் முக்கியம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சித்திர வேலாயுத சுவாமி கோயிலடிக்கு வராமல் உங்கட அம்மா ஒரு வருசமும் இருந்திருக்கமாட்டா. அன்றைக்கு யார் கூட்டிக்கொண்டு வருவது என்பதை இப்போதே பேசி முடியுங்கள்.

சேர்த்த உடனே வீட்டை வாடகைக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு வரட்டும், பிடிக்காவிட்டால் திரும்பட்டும் என்று சொல்லி அனுப்புங்கள், சொல்லுக்காக இல்லை, உண்மையாகவே. திரும்ப ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் நன்றாக ஒட்டிக்கொள்கிறார்கள். சீதன உறுதியில் அம்மாவுக்குச் சீவிய உரித்து, அதாவது சீவிக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை, வைத்து எழுதியிருக்கிறதா என்று தங்கச்சியிடம் கேளுங்கள். இருந்தால் அதை அம்மாவுக்கு ஞாபகப்படுத்துங்கள், பல தாய்மார் தாங்கள் மகளின் வீட்டில் ஓசிக்கு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசிக் காரியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பா. முதல் கிழமையே கேட்பா, பக்கத்துக் கட்டிலில் யாராவது போனால் கட்டாயம் கேட்பா. இல்லங்கள் பொதுவாக உடலை ஊருக்கு அனுப்ப உதவும். ஊரில் யார் பொறுப்பெடுப்பது, எட்டுச் சடங்கும் 31 ஆம் நாள் அமுதுச் சடங்கும் எங்கே நடக்கும், யார் செய்வது என்று குடும்பத்தில் பேசி அம்மாவிடமே சொல்லிவிடுங்கள். அபசகுனம் என்று மழுப்பாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தவர்கள் நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கொண்டு போகும் சாமானில் அம்மாவின் சொந்தத் தலையணை, வட்டா, பாக்குரல், பூட்டும் திறப்பும் உள்ள ஒரு பெட்டி இருக்கட்டும். புதுச்சேலை வேண்டாம், களவு போகும், அதனால் சண்டை வரும். என்ன வேலை கையில் பிடிக்கும் என்று பொறுப்பாளருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: பூ மாலை கட்டுவாவா, ஓலைப்பெட்டி இழைப்பாவா, தயிருக்கு உறை குத்துவாவா. ‘அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடாதீங்க, இருத்தி வச்சிப் பாருங்க, காசு எவ்வளவெண்டாலும் தாறம்’ என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அப்படி இருத்தி வைக்கப்பட்டவர்கள்தான் முதலில் நடையை விடுகிறார்கள்.

தொலைபேசி எடுப்பதை உங்கள் இரவு ஏழரை மணிக்கு வையுங்கள், இங்கே அப்போது விடியற்காலை ஐந்து. பனிக்காலத்தில் உங்கள் ஆறரை. இந்த நேரத்தில் அம்மா விழித்திருப்பா, தேத்தண்ணி இன்னும் வந்திருக்காது, பக்கத்துக் கட்டில்காரிகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ‘சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா’ என்பதோடு நிற்காமல், சவர்க்காரம் எடுத்தது யாரென்று பிடிபட்டதா என்று கேளுங்கள்.